ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்பைடின் மங்கலான ஒளிர்வு: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள இயற்பியல் அன்பர்களுக்கு வணக்கம். டர்பனில் முதுகலை ஆய்வுக்காக, மாலிப்டினம் டைசல்பைடை (மெல்லிய அடுக்குகளாகப் பிரியும் குறைகடத்தி) ஒட்டுநாடாவால் உரித்து, 300 நானோமீட்டர் ஆக்சைடு படிந்த சிலிக்கான் தகட்டில் பதித்து வருகிறேன். இந்தப் பொருள், பருமனாக இருக்கையில் மறைமுக ஆற்றல் இடைவெளியால் (எலக்ட்ரான் எளிதில் ஒளி உமிழ்ந்து கீழிறங்க இயலாத அமைப்பு) ஏறக்குறைய ஒளிராமலே இருந்து, ஓரடுக்காக மெலிந்ததும் ஒளி உமிழ்வுக்கு ஏற்ற நேரடி இடைவெளிக்கு மாறி 670 நானோமீட்டர் அருகே ஒளிர்கிறது. இந்த மாற்றம்தான் என்னை இந்தப் பொருளின்பால் ஈர்த்தது.

என்னிடமுள்ள ஒரு செதிலின் ராமன் நிறமாலையில் (சிதறும் லேசர் ஒளியின்வழி அணு அதிர்வுகளைக் காட்டுவது) இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஓரடுக்குக்கு உரிய 19 அலையெண் (செ.மீ⁻¹) அளவிலேயே இருக்கிறது; பருமனான படிகத்தில் அது 25 வரை விரியும். ஆகவே அடுக்கைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒளிர்வு மிக மங்கலாக இருப்பதுடன், முகடு நீண்ட அலைநீளப் பக்கம் சாய்ந்தும் உள்ளது. ஆக்சைடிலிருந்து ஏறும் மிகை எலக்ட்ரான்கள் டிரையான்களை (இரு எலக்ட்ரான்களும் ஒரு துளையும் பிணைந்த துகள்கள்) உருவாக்குவதாலா, கந்தக அணுக்கள் விடுபட்ட இடங்களாலா? லேசர் திறனை மாற்றி அளந்தே இவ்விரண்டையும் பிரித்தறிய இயலுமா, அல்லது செதிலுக்கும் ஆக்சைடுக்கும் இடையில் மின்கடத்தாப் போரான் நைட்ரைடு படலம் வைத்தே ஆகவேண்டுமா? செய்து பார்த்தவர்கள், குறிப்பாகச் செதிலைப் படலத்தின்மேல் சுருக்கமின்றி இடமாற்றும் முறையை அறிந்தவர்கள், விளக்கி எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.