பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகச் செல்லும் பெற்றோர் துப்பாக்கி வைத்திருக்கலாமா? (ஃபுளோரிடா)

கேள்வி:
வணக்கம். நான் ஃபுளோரிடாவில் வசிக்கிறேன். கிரீன் கார்டும், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான மாநில உரிமமும் உள்ளன. அடுத்த வாரம் மகளின் வகுப்பைப் பொதுப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறார்கள். துணைக்கு நானும் போகிறேன். பூங்கா பள்ளிக்குச் சொந்தமானதல்ல என்பதால் தடையில்லை என்கிறார் உடன் வரும் நண்பர். பள்ளிகளில் ஆயுதங்களைத் தடை செய்யும் மாநிலச் சட்டத்தின் 790.115ஆம் பிரிவைப் படித்தும் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
2023 ஜூலை 1 முதல் உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டதே, பிறகென்ன தயக்கம்?

மறுமொழி 2:
அந்தத் திருத்தம் உரிமத் தேவையைத்தான் நீக்கியது. தடை செய்யப்பட்ட இடங்களைத் திறந்துவிடவில்லை. 790.115(2) 'பள்ளி ஆதரவில் நடக்கும் நிகழ்ச்சி' என்பதை ஒருபுறமும், 'பள்ளியின் சொத்து, பள்ளிப் பேருந்து, பேருந்து நிறுத்தம்' என்பவற்றை மறுபுறமும் வைத்து, இடையில் 'அல்லது' என்று இணைக்கிறது. பள்ளிக்குச் சொந்தமான இடம் மட்டுமே கருத்து என்றால் முதல் தொடருக்கு வேலையே இல்லை. ஆகவே பூங்காச் சுற்றுலாவும் தடைக்குள் அடங்கும் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

நண்பரின் வாதம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. உரிமம் பெற்றவரின் தண்டனைக்கு இப்பிரிவு, உரிமம் பற்றிய 790.06(12)ஐக் காட்டுகிறது, அங்குள்ள தடை செய்யப்பட்ட இடங்களின் பட்டியலில் பள்ளிக் கட்டடமும் விளையாட்டுப் போட்டியும் உண்டு, சுற்றுலா இல்லை. வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்தில் இதை வாதிடலாம்; அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் குழந்தைகளின் சுற்றுலா ஏற்ற இடமல்ல.

வண்டியில் வைத்திருப்பது வேறு விஷயம். காரின் முன்பக்கச் சிறு பெட்டியிலோ (glove box) பொத்தானிட்ட உறையிலோ இருந்தால், பூட்டு இல்லாவிட்டாலும் மாநிலச் சட்டத்துக்கு அது போதும். ஆனால் பள்ளியருகே துப்பாக்கியைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் பள்ளி எல்லையிலிருந்து 1000 அடி வரை (ஏறத்தாழ 305 மீட்டர்) பாய்கிறது. மாநில உரிமம் உள்ள உங்களுக்கு அதில் விலக்கு உண்டு. உரிமமில்லாதவர் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடும்போது, துப்பாக்கி குண்டு நீக்கப்பட்டுப் பூட்டிய பெட்டியில் இருந்தாக வேண்டும். முதல் மறுமொழி எழுதிய அன்பர் இதைக் கவனிக்கட்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களோ, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இன்னொரு ஐயம்: எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவை, சனிக்கிழமையில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். அந்தப் பள்ளிக்கும் விழாவுக்கும் தொடர்பில்லையே?

மறுமொழி 2:
விழா அந்தப் பள்ளியின் நிகழ்ச்சியாக இல்லாமல் போகலாம். அரங்கு அதன் சொத்துதானே. வாடகைக்கு எடுத்தவர் யார், அன்று விடுமுறையா என்பவற்றைப் பிரிவு பார்ப்பதில்லை. பள்ளி முதல்வரிடம் அனுமதி பெறலாமே என்று சிலர் சொல்வார்கள்; அந்த விலக்கு, அவர் முன்கூட்டியே ஒப்புதல் அளித்த துப்பாக்கிப் பயிற்சி வகுப்புக்கோ நிகழ்ச்சிக்கோ உறையிலிட்டு எடுத்துச் செல்வதற்கு உரியது. பரதநாட்டியத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் அது பொருந்தாது.