ஈறு வலி, கிராம்பு எண்ணெய்: புதுப்பிப்பு

ஈறு வீங்கி வலிக்கிறது, கிராம்பு எண்ணெய் தடவலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. நேராகத் தடவியதில் ஈறு எரிந்தது. தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்ததும் மரத்துப்போனது. அது கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் என்ற மரக்கச் செய்யும் பொருளின் வேலை. வலியை மறைக்கும், அவ்வளவுதான். திருப்பாதிரிப்புலியூரில் பல் டாக்டரம்மா ஈறுக்கடியில் இருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வீக்கம் வடிந்தது.

“வலி பத்துக்கு எத்தனை?” என்று அவர் கேட்டபோது முழித்தேன். என் ஏழும் உங்கள் ஏழும் ஒன்றா? 1982-இல் ஃபிராங்க் ஜாக்சன் என்ற தத்துவவாதி கற்பனை செய்த மேரி, நிறத்தின் அறிவியல் முழுவதும் படித்தவள். வாழ்ந்ததோ கருப்பு வெள்ளை அறையில். வெளியே வந்து சிவப்பைப் பார்த்தால் புதிதாக ஒன்றை அறிவாள் என்றார் ஜாக்சன். டாக்டரம்மாவும் மேரி மாதிரிதான்: வலியைப் படித்தவர், ஆனால் அவருக்கு ஈறு வலி வந்ததே இல்லையாம்! ஜாக்சனே பின்னாளில் அந்த முடிவைக் கைவிட்டார். வாயைப் பிளந்து கிடந்த எனக்கு அதைக் கைவிட மனசு வரவில்லை.