டூட்டியில் அடி வாங்கியவர்கள் புகார் எழுதிக் கொடுத்தீர்களா?

ஸ்டாஃப் நர்ஸ், தென் மாவட்டம்

அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு, நைட் டூட்டி. பைக்கில் விழுந்தவரைக் கூட்டிவந்த கும்பலில் ஒருவன், தையல் போட ஏன் லேட் என்று கத்திக்கொண்டே என் கையை முறுக்கினான். தடுக்க வந்த ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) தம்பிக்குக் கன்னத்தில் அறை. அவுட்போஸ்ட் போலீஸ் வருவதற்குள் பாதிப் பேர் மாயம்.

அடியைவிட அதற்கப்புறம்தான் பெரும்பாடு. "நைட்ல இதெல்லாம் சகஜம் சிஸ்டர். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நீங்கதானே அலையணும்?" என்றார் மேலதிகாரி. பிறகு கவுன்சிலர் ஆள் என்று ஒருவரிடமிருந்து போன். விடிந்ததும் அவன் அம்மா வந்து காலில் விழப் போனார். யாரைக் கேட்டாலும் இதே வரிசைதான் சொல்கிறார்கள்.

கூட இருந்த சீனியர் அக்கா விடவில்லை. அவன் பேசிய கெட்ட வார்த்தைகளை நேரத்தோடு அப்படியே ரிப்போர்ட் புக்கில் எழுத வைத்தார். எனக்கே ஓ.பி. சீட்டு போட்டு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண்ட்ரியும் போட வைத்தார். வீக்கம் வடிந்த பிறகு போனால் டாக்டர் எதைப் பார்த்து எழுதுவார்? புகாரிலும் வெறுமனே 'தகராறு' என்று எழுதாமல், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிடச் சொன்னார். அதில் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. சாதாரணப் பிரிவில் போட்டால் அன்று மாலையே காம்ப்ரமைஸ் பேச உட்கார்ந்துவிடுவார்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) கைக்கு வந்த பிறகுதான் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினோம்.

தொகுப்பூதிய நர்ஸ்

உங்களுக்கு அக்கா இருந்தார், சரி. எங்களுக்கு? புகார் கொடுத்தால் பணி நிரந்தரம் ஆகும் நேரத்தில் பெயர் அடிபடுமோ என்ற பயம்தான். அதுவும் அடி விழுந்தால்தான் சம்பவம் என்கிறார்கள். முகத்துக்கு நேரே போனை நீட்டி வீடியோ எடுத்து, "உன்ன பேஸ்புக்ல போட்டு நாறடிக்கிறேன்" என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் வார்டில் துப்புரவு அக்காவை, நோயாளியோடு வந்த ஓர் அட்டெண்டர் பிடித்துத் தள்ளினார். அந்த அக்கா கான்ட்ராக்ட் ஆள், சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கும் ஒரு வரி எழுதவில்லை.

டாக்டர், சென்னை

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் டாக்டரை வன்கொடுமை செய்து கொன்ற சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யவேண்டும், அதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அப்புறம் அட்டெண்டர்கள் கையில் கட்டும் பட்டை வந்தது. கூட்டத்தைக் குறைக்க நல்லதுதான். என்னைக் கேட்டால் அந்த 6 மணி நேரச் சுற்றறிக்கைக்குத்தான் முதல் மார்க். எங்கள் யூனிட் பையனை அடித்தபோது அதை பிரிண்ட் எடுத்து ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) மேஜையில் வைத்தோம். புகார் மருத்துவமனை பெயரில் போனது. கவுன்சிலர் போனெல்லாம் இப்போது அவருக்குத்தான் வருகிறது, பாவம்!

தொகுப்பூதியத் தங்கைக்கும் இதுதான் வழி. தனிப் பெயரில் கொடுக்காதீர்கள், நிறுவனத்தைக் கொடுக்க வையுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், தென் மாவட்டம்

சார், என் கேஸில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சாட்சி சொல்ல சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போன நாளுக்கு சி.எல். (தற்செயல் விடுப்பு)தான் போட்டார்கள். அதை டூட்டியாகக் கணக்கில் எடுக்க வைத்தவர்கள் யாராவது உண்டா? லெட்டர் மாதிரி இருந்தால் போடுங்கள்.