திரும்பி வரும் நூல்களை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பது?

கேள்வி (அக்டோபர் 2020):
ஒரே அறை கொண்ட எங்கள் கிளை நூலகத்தில் நான் ஒருவரே பணியில் இருக்கிறேன். கொரோனா தொற்று பரவும் இந்நேரத்தில், வாசகர்கள் திருப்பித் தரும் நூல்களின் மீது கிருமிநாசினி தெளிக்கலாமா, வெயிலில் காயவைக்கலாமா என்று குழம்புகிறேன். நண்பர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
இரண்டும் வேண்டாம், ஐயா. கிருமிநாசினியின் ஈரம் தாளை நெளியச் செய்து பூஞ்சைக்கு இடமளிக்கும்; வெயில் தாளைப் பழுப்பாக்கி ஒடியவைக்கும். அமெரிக்காவில் ஓசிஎல்சி என்னும் நூலகக் கூட்டமைப்பும் பேட்டல் ஆய்வகமும் நடத்திய சோதனையில், தனித்தனியாக வைத்த நூல்களின் அட்டைகளில் 3 நாள்களுக்குப் பின் கொரோனா கிருமி தென்படவில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவற்றின் அட்டைகளில் 6 நாள்களுக்குப் பிறகும் தென்பட்டது. ஆகவே அடுக்காமல், இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள்.

பதில் 2:
நூல்களைவிட, மூடிய அறையில் பலர் நெடுநேரம் அமர்வதே எனக்குப் பெரிய கவலை. சன்னல்களைத் திறந்து வைத்து, வாசலில் மேசை போட்டு நூல்களை வழங்குகிறோம். நாளிதழ் படிப்பதற்கென்றே நாள்தோறும் வந்த முதியவர்களுக்குத்தான் இதில் ஈடு எதுவும் இல்லை. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, விரும்பும் நூலைக் கேட்டு எடுத்து வைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காலி அலமாரியின் தட்டுகளில் கிழமைகளை எழுதி ஒட்டி, நூல்களை நாள்வாரியாக நிறுத்தப் போகிறேன். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய மாவட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன்.