தீவிர வலதுசாரித் தடுப்புப் பயிற்சிகளில் பெண் வெறுப்பு: மறக்க முடியாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

கோட்டூர்புரம்:
கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி. எடுத்துக்கொண்டது ஹாலே வழக்கு: 2019 அக்டோபர் 9, ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத வழிபாட்டுத் தலத்தைக் குறிவைத்த தாக்குதல். நேரலையில் அந்தக் கொலையாளி சொன்ன வரிசை தெரியும்தானே: பெண்ணியத்தால் பிறப்பு குறைகிறது, அதைச் சாக்காக வைத்துக் குடியேற்றம், எல்லாவற்றுக்கும் வேர் யூதர்கள். இதைப் பிரித்து எழுத ஒரு படிவம். அதில் மூன்றே கட்டம்: இனவெறி, யூத வெறுப்பு, மற்றவை. ஒரு பேராசிரியையின் பேனா முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. கடைசியில் 'மற்றவை'யில் "பெண்கள்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். தப்பு படிவத்துடையது. "நம் பெண்கள் பிள்ளை பெறுவதில்லை" என்பதை உருவிவிட்டால் "நம்மை அழிக்கிறார்கள்" என்ற பேச்சுக்குக் காலே இல்லை. பெண் வெறுப்புக்குத் தனிக் கட்டம் வேண்டும், அதுவும் முதல் கட்டமாக.

வியாசர்பாடி:
கட்டம் சேர்த்தால் தீராது, கோட்டூர்புரம். தாய்மார் கூட்டம் ஒன்றில் "மகனைக் கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று பேசி முடித்ததும் ஓர் அம்மா எழுந்தார். "தங்கச்சியையே ரூம்ல வச்சுப் பூட்டுறான். நான் சொன்னது தெரிஞ்சா என்னை விடுவானா?" மேடையில் யாரிடமும் பதில் இல்லை. ஜெர்மனியின் ஹனாவ் நகரம், 2020: இனவெறியில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் வீட்டுக்கு வந்து பெற்ற தாயையும் கொன்றான். தாயை உளவாளியாக்குவதற்கு முன் அவர் பாதுகாப்பைப் பாருங்கள். மகன் வெளியே இருக்கும் நேரத்தில், தனியாகப் பேச வேண்டும். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போனுக்கு மெசேஜ் கூடாது. பெண்கள் உதவி எண் 181-ஐ வாயால் சொல்லுங்கள், துண்டுச் சீட்டு வேண்டாம். அவசரத்தில் போய் நிற்க ஒரு வீட்டை அவரையே சொல்லச் சொல்லுங்கள். மகனைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

பெசன்ட் நகர்:
இரண்டு பேரும் பெண்ணைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்க்கிறீர்கள். ஜெர்மனியின் என்.எஸ்.யூ. என்ற நவநாஜிக் கும்பலைச் சேர்ந்த பெயாட்டே ட்ஷேப்பே என்ற பெண்ணின் வழக்கை நடித்துக் காட்டும் பயிற்சியில் கேட்டவர்கள் அத்தனை பேரும் "உன்னை மிரட்டினார்களா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். "நீ என்ன செய்தாய்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கும்பல் செய்தது 2000 முதல் 2007 வரை பத்துக் கொலைகள். தலைமறைவு வீட்டுக்குச் சாதாரணக் குடும்பத் தோற்றம் கொடுத்ததும் பணத்தைப் பார்த்துக்கொண்டதும் ட்ஷேப்பே. 2018 ஜூலையில் மியூனிக் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்த வேலையில் இருக்கும் பெண்களுக்கு ஆபாச மிரட்டல் வந்தால் முதலில் 'பிளாக்' செய்யாதீர்கள். முழுத் திரையையும் படமெடுங்கள்: முகவரி வரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். ஓரம் வெட்டிய படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார். வாட்ஸ்அப் என்றால் உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள். அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. நீதிமன்றத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் கேட்பார்கள், அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்ற எண்) வரும். மிரட்டல்களைப் படித்துத் தொகுக்கும் வேலையை மிரட்டப்பட்டவரிடமே விடாதீர்கள், வேறு இருவர் மாறி மாறிப் பார்க்கட்டும்.

கோட்டூர்புரம்:
ஏற்கிறேன். படிவத்தில் "அவள் செய்தது" என்றும் ஒரு கட்டம் போடச் சொல்கிறேன்.