வெட்டுக்கு முன்பே மரவள்ளி பாயிண்ட் (விலைக்கு அடிப்படையான மாவுச்சத்து அளவு) பார்க்க முடியுமா?

ஆத்தூர் பக்கம் மரவள்ளி போட்டிருப்பவர்களுக்கு வணக்கம். எங்கள் காட்டில் கிழங்கு வெட்டுக்குத் தயார். வியாபாரி வந்து நான்கு செடி பிடுங்கி, கிழங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு, "மழை பேஞ்சிருக்குங்கண்ணா, பாயிண்ட் ஏறாது" என்கிறார். மழைக்குப் பிறகு மாவுச்சத்து குறையும், சரி. எவ்வளவு குறைந்தது என்பதை சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தராசு மட்டும்தானே சொல்கிறது? வெட்டிய கிழங்கோ இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். லோடு இறங்கியபின் கொடுப்பதை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயி கொண்டுபோகும் கிழங்கைச் சோதித்துத் தருவார்களா? எத்தனை கிலோ வேண்டும்? அப்புறம், இந்த வாரம் ஆலைக்குக் கிழங்கு போட்டவர்கள் எத்தனை பாயிண்டுக்கு என்ன விலை கிடைத்தது, வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யார் கொடுத்தார்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.