25 அடி ஆர்வி, 12 நாள்: கிராண்ட் கேன்யன், மெசா வெர்டே பக்கம் போய்வந்தவர்கள் உண்டா?

பீனிக்ஸ்வாசி:
வணக்கம். நானும் மனைவியும் செப்டம்பர் கடைசியில் 12 நாள் லீவு போட்டிருக்கிறோம். பீனிக்ஸில் 25 அடி ஆர்வி (படுக்கை, அடுப்போடு இருக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, மான்யுமென்ட் வேலி, மெசா வெர்டே, ஆர்ச்சஸ், ஜயன் பூங்காக்கள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று திட்டம். இதுவரை நான் ஓட்டியதில் பெரிய வண்டி மினிவேன்தான். அவளுக்கு இடிந்த சுவரைப் பார்த்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். எனக்கு மலையும் பள்ளமும். இந்த வண்டி எல்லா இடத்திலும் உள்ளே போகுமா? அப்புறம் 12 நாளும் பிரெட்டைத் தின்று ஓட்ட முடியாது, வண்டிக்குள் நம் சமையல் சரிப்படுமா?

மேசைமலை:
போன வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய இதே வழியில் போனோம். முதல் வேலையாக ஜயனைத் திட்டத்திலிருந்து தூக்கிவிடுங்கள். ஆர்ச்சஸ் பக்கத்தில் இருக்கும் மோவாபிலிருந்து அங்கே போக முந்நூறு மைலுக்கு மேல், ஒரு பகல் முழுக்க ஸ்டியரிங்கில் போய்விடும். ஜயனின் கிழக்குப் பக்கச் சுரங்கப்பாதை 1930ல் திறந்தது, அன்றைய கார்களுக்காகக் குடைந்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி அதற்குள் தன் தடத்தில் ஓட முடியாது, வளைந்த கூரை இடிக்கும். உங்கள் வண்டியின் உயரத்தை ஏசியோடு சேர்த்து அளந்தீர்களா?

மான்யுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று மண் சாலை, ஆர்வியை விடமாட்டார்கள். மேலே நிறுத்திவிட்டு நவஹோ பழங்குடி வழிகாட்டியின் ஜீப்பில் போங்கள், அதுதான் நல்லதும்கூட. அது நவஹோ மக்களின் சொந்தப் பூங்கா, தேசியப் பூங்காவுக்கான வருட பாஸ் அங்கே செல்லாது. பீரும் வேண்டாம், நவஹோ நிலத்தில் மதுவுக்கே தடை.

கடிகாரம்! அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மாற்றாது, ஆனால் நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள், அதற்கு நடுவிலே இருக்கும் ஹோப்பி பழங்குடியின் நிலத்தில் மறுபடி மாற்ற மாட்டார்கள். எங்கள் போன் அந்த எல்லையில் இருக்கும் டூபா சிட்டி பக்கம் இரண்டு மூன்று முறை தாவியது, நான் வண்டியின் கடிகாரத்தை நம்பி ஓட்டினேன், போய்ச் சேர்ந்தபோது பதிவு செய்த ஜீப் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டம்மா அன்று இரவு வரை பேசவில்லை.

மெசா வெர்டேக்கு மட்டும் மூன்று இரவு வையுங்கள். நுழைவாயிலிலிருந்து நாலு மைலில் மோர்ஃபீல்ட் முகாம். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏற வேண்டும், அவசரப்படாதீர்கள். கிளிஃப் பேலஸ் என்பது பாறைக் குடைவுக்குள் அந்தக் காலப் பழங்குடி மக்கள் கட்டிய குடியிருப்பு, 150 அறையும் 23 கிவாவும் கொண்டது, கிவா என்றால் தரைக்குக் கீழே வட்டமாகக் கட்டிய சடங்குக் கூடம். தூரத்திலிருந்து பார்த்தால் பொம்மை வீடு மாதிரி இருக்கும். கல் படிகளில் இறங்கி (திரும்பி மேலே வர ஏணி) பக்கத்தில் நின்றால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மண் சாந்து, அந்தச் சாந்துக்குள் நகக்கண் அளவுச் சில்லுகளை ஒவ்வொன்றாக அழுத்தி வைத்திருப்பது தெரியும். மேலே பாறைக் கூரையில் அடுப்புப் புகையின் கரி இன்னும் இருக்கிறது. 1200களில் கட்டி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விட்டுப் போய்விட்டார்கள். 1276 தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் நீண்ட வறட்சியை மரக்கட்டைகளின் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'மறைந்துபோன மக்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஹோப்பிகளும் ஸூனிகளும் அவர்கள் வழிவந்தவர்கள்தான். கிளிஃப் பேலஸ் போன்ற வீடுகளுக்குள் போக ரேஞ்சரோடு (பூங்கா அலுவலர்) போகும் டிக்கெட் வேண்டும், 14 நாள் முன்னதாகத் திறக்கும், அன்று காலையே எடுங்கள்.

சின்னவண்டி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் 25 அடியே தப்பு. இரண்டு பேருக்கு எதற்கு? மெசா வெர்டேயிலேயே வெதரில் மெசா என்ற பகுதிக்குப் போகும் சாலைக்கு வண்டி 25 அடிக்குக் குறைவாக இருக்க வேண்டும், எடைக்கும் வரம்பு உண்டு. 19 அடி வேன் எடுங்கள், கார் நிற்கும் இடத்தில் அநேகமாக அதுவும் நிற்கும். குளிக்க இடம் குறைவு, உண்மைதான். நாங்கள் எடுத்த பெரிய வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு என்று ஒரு தொகையைப் போட்டார்கள். எடுக்கும்போதே மீட்டரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கரக்கா:
தம்பி, சமையலுக்கு நான் சொல்கிறேன். சின்ன பிரஷர் குக்கர் கட்டாயம். தெற்கு விளிம்பு 7,000 அடி உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு விடிய விடிய வேகாது. கடுகு தாளிக்காதே! முதல் நாள் ரசத்துக்குத் தாளித்தேன், புகை அலாரம் அலறி, அடுத்த வண்டிக்காரர் தீயணைப்பானோடு ஓடி வந்துவிட்டார். அப்புறம் அவருக்கும் ஒரு டம்ளர் ரசம் கொடுத்தோம் என்பது வேறு கதை. வீட்டிலேயே தாளித்து, புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பாட்டிலில் கொண்டு போ. அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதே, அதிலேயே பாத்திரத்தை முதல் அலசு அலசிக்கொள். நல்ல தண்ணீர் தீருவதற்கு முன்பே கழிவுநீர்த் தொட்டி நிறைந்து நிற்கும், தெற்கு விளிம்பில் இருக்கும் மாதர் (Mather) என்ற முகாமில் வண்டிக்குக் குழாய், கரண்ட் எதுவும் கிடையாது.

பீனிக்ஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஜயன் அவுட். அந்த நாட்களை மெசா வெர்டேக்குக் கொடுத்தாயிற்று, அவள் இப்போதே ஏணி ஏற மாடிப்படியில் பயிற்சி எடுக்கிறாள். வேனா ஆர்வியா என்று மட்டும் சண்டை ஓடுகிறது. அக்கா, அப்பளம் சுடலாமா?

குக்கரக்கா:
வெளியே, நெருப்புக் குழி மேல். காற்று இல்லாத நேரம் பார்த்துச் சுடு, நெருப்புத் தடை போட்டிருந்தால் அதுவும் கிடையாது.